லெனாக்ஸ் லூயிஸின் ஹெவிவெயிட் கணக்குவழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்துச்சண்டை வீரர் லெனாக்ஸ் லூயிஸ் பேச்சு வந்தாலே அதே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. சண்டை போடாமல் சாம்பியன் ஆனது எப்படி, தோற்காமல் பெல்ட் (சாம்பியன் பட்டம்) போனது எப்படி, புள்ளியில் பின்தங்கியவர் ஜெயித்தது எப்படி என்று கேட்கிறார்கள். அவருடைய வரலாற்றில் பாதி ரிங்குக்குள் நடந்தது; மீதி விதிப் புத்தகத்திலும் ஒப்பந்தத் தாளிலும் நடந்தது. அந்த இரண்டாம் பாதி தெரியாமல்தான் பெரும்பாலான வாக்குவாதம் கிளம்புகிறது. எளிய கேள்விகள் முன்னால், வில்லங்கமானவை பின்னால்.

1. லெனாக்ஸ் லூயிஸ் யாரு? சுருக்கமா சொல்லுங்க.

1965 செப்டம்பர் 2 அன்று கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாமில் பிறந்த ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர். 1989 ஜூனில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தொழில்முறையில் முதல் சண்டை, 2003 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் கடைசிச் சண்டை. மொத்தம் 44, அதில் 41 வெற்றி, 2 தோல்வி, 1 டிரா. உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசியின் பட்டம் மூன்று முறை அவரிடம் வந்தது. 1999 நவம்பரில் அன்றைய மூன்று பெரிய பெல்ட்டுகளும் ஒன்றாக அவர் கைக்கு வந்தன. அவருக்குப் பின் ஹெவிவெயிட்டில் எல்லா பெல்ட்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தது 2024 மே மாதம்தான், ரியாத்தில் ஒலெக்சாண்டர் உசிக் டைசன் ஃபியூரியை வென்றபோது.

2. அவர் பிரிட்டிஷ்காரரா கனடாக்காரரா? ஒலிம்பிக் மெடல் கனடாவுக்குத்தானே?

இரண்டும்தான். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள், பிறந்தது லண்டன். 12 வயதில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கிச்சனர் நகரத்துக்குக் குடிபோனார். குத்துச்சண்டை கற்றது அங்கேதான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கனடாவுக்காக இறங்கி, காலிறுதியில் டைரல் பிக்ஸிடம் தோற்றார். அந்த பிக்ஸ்தான் தங்கம் வாங்கினார். பெரும்பாலானோர் அந்தக் கட்டத்திலேயே தொழில்முறைக்குத் தாவிவிடுவார்கள். லூயிஸ் நான்கு வருடம் பொறுத்திருந்து, 1988 சியோலில் இறுதிச் சண்டையில் ரிடிக் போவை இரண்டாவது சுற்றில் நிறுத்தித் தங்கம் வாங்கினார்.

தொழில்முறைக்கு வந்தபோது லண்டனுக்கே திரும்பிவிட்டார். சண்டைகளை ஏற்பாடு செய்யும் அமெரிக்க புரொமோட்டர்கள் கையில் சிக்காமல், மேலாளர் மலோனியின் (அப்போது ஃபிராங்க், இப்போது கெல்லி) ஏற்பாட்டில், தன் தொழிலைத் தானே நடத்தும் நிலை அங்கே கிடைத்தது. உச்சரிப்பு கனடா வாடை அடித்ததால் பிரிட்டிஷ் ரசிகர்கள் ரொம்ப நாள் அவரை முழுசாகத் தங்களவராக ஏற்கவில்லை. இன்னொரு பிரிட்டிஷ் ஹெவிவெயிட் ஃபிராங்க் புரூனோவுக்குக் கிடைத்த பாசத்தில் பாதி இவருக்குக் கிடைத்திருந்தால் ஆச்சரியம்.

3. 41-2-1, 32 நாக் அவுட்னு போட்டிருக்கே, அதை எப்படிப் படிக்கணும்?

வெற்றி, தோல்வி, டிரா என்ற வரிசை. 41 வெற்றியில் 32 நாக் அவுட் வகை, 7 புள்ளி வெற்றி, 2 எதிராளி தகுதிநீக்கம். நாக் அவுட் என்று எழுதியிருந்தால் 32 பேரும் பத்து எண்ணும்வரை தரையில் கிடந்தார்கள் என்று அர்த்தமில்லை. ரெஃப்ரி நிறுத்தியது, மருத்துவர் நிறுத்தியது, எதிராளியின் கார்னர் (ரிங் மூலையில் நிற்கும் அவரது பயிற்சிக் குழு) கைவிட்டது எல்லாம் டெக்னிக்கல் நாக் அவுட்டாக அதே கணக்கில் சேரும். இதை நினைவில் வையுங்கள். 18-ம் கேள்வியில் வேண்டியிருக்கும்.

4. ஒரு எடைப் பிரிவுக்கு எதுக்கு இத்தனை உலக சாம்பியன்?

குத்துச்சண்டைக்கு உலகம் முழுக்க ஒரே தலைமை அமைப்பு கிடையாது. டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப் மூன்றும் தனித்தனி அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனி பெல்ட், தனித் தரவரிசை. டபிள்யூபிஓ அப்போதும் இருந்தது, ஆனால் ஹெவிவெயிட்டில் அதற்குப் பெரிய மரியாதை இல்லை. சாம்பியன் தன் அமைப்பு அறிவிக்கும் கட்டாயப் போட்டியாளரைக் குறித்த காலத்துக்குள் சந்திக்க வேண்டும். பட்டச் சண்டை ஒவ்வொன்றிலும் அமைப்புக்குக் கட்டணமும் போகும். மூன்று பெல்ட் வைத்திருப்பவருக்கு மூன்று கட்டாயப் போட்டியாளர்கள், மூன்று காலக்கெடு. சேர்ப்பதைவிடச் சேர்த்ததைக் காப்பாற்றுவது கஷ்டம் என்பது இதனால்தான்.

இன்னொன்று: பெல்ட் தரும் அமைப்பு வேறு, சண்டைக்கு உரிமம் தரும் கமிஷன் வேறு. அமெரிக்காவில் அந்தந்த மாநிலக் கமிஷன்தான் வீரருக்கு உரிமம் தரும். பிரிட்டனில் பிரிட்டிஷ் பாக்ஸிங் போர்டு ஆஃப் கன்ட்ரோல்.

5. உலகப் பட்டத்துக்கு முன்னாடி பிரிட்டிஷ், ஐரோப்பிய, காமன்வெல்த் பட்டமெல்லாம் எதுக்கு ஜெயிச்சார்?

பிரிட்டனில் வழக்கமான ஏணி அது. லூயிஸ் ஒரு படி மாற்றி ஏறினார்: 1990 அக்டோபரில் ழான்-மோரிஸ் ஷானேயிடமிருந்து ஐரோப்பியப் பட்டம், 1991 மார்ச்சில் கேரி மேசனை ஏழாவது சுற்றில் நிறுத்தி பிரிட்டிஷ் பட்டம், 1992-ல் டெரெக் வில்லியம்ஸை மூன்றாவது சுற்றில் வீழ்த்தி காமன்வெல்த் பட்டம். மேசன் அதுவரை ஒரு சண்டையிலும் தோற்காதவர். இந்த ஏணியில் ஏறுவதன் பலன் தரவரிசை. உலக அமைப்புகள் பிராந்தியச் சாம்பியனை மேலே தூக்கி வைக்கும். அங்கிருந்து தகுதிச் சண்டை, அதில் வென்றால் கட்டாயப் போட்டியாளர்.

6. சண்டையே போடாம உலக சாம்பியன் ஆயிட்டார்ங்கிறது உண்மையா?

பட்டம் தாளில்தான் வந்தது. ஆனால் அதற்கான சண்டை நடந்திருந்தது. 1992 அக்டோபர் 31 அன்று லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் டோனோவன் 'ரேஸர்' ரடக்கோடு தகுதிச் சண்டை. மைக் டைசனோடு இரண்டு முறை மோதி நின்ற ரடக்கை லூயிஸ் இரண்டே சுற்றில் முடித்தார். முதல் சுற்றின் கடைசியில் விழுந்த அந்த வலது கைக்குப் பிறகு ரடக்கின் கால்கள் தரையில் நிலைக்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து ரிடிக் போ, எவாண்டர் ஹோலிஃபீல்டை வென்று மூன்று பெல்ட்டும் வாங்கினார். விதிப்படி அவர் அடுத்துச் சந்திக்க வேண்டியது லூயிஸை.

பணப் பங்கீட்டில் பேச்சு முறிந்தது. டிசம்பரில் லண்டனில் பத்திரிகையாளர்கள் முன் போ டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். ரடக் வெற்றியை அடிப்படையாக வைத்து டபிள்யூபிசி லூயிஸை சாம்பியனாக அறிவித்தது. 1897-ல் பட்டம் வென்ற பாப் ஃபிட்ஸிம்மன்ஸுக்குப் பிறகு உலக ஹெவிவெயிட் பட்டம் ஒரு பிரிட்டிஷ் வீரரிடம் வந்தது அப்போதுதான். தாள் சாம்பியன் என்ற கேலி 1993 மே மாதம் லாஸ் வேகஸில் டோனி டக்கரை இரண்டு முறை வீழ்த்திப் புள்ளியில் வெல்லும்வரை ஓடியது.

7. புரூனோவோட நடந்த சண்டைக்கு ஏன் அவ்வளவு பேச்சு?

1993 அக்டோபர் 1, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க். பிரிட்டனில் பிறந்த இருவர் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதியது அதுவே முதல் முறை. அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காக நள்ளிரவு தாண்டி நடத்தினார்கள். புரூனோ நன்றாகவே ஆடினார், லூயிஸ் தடுமாறினார். ஏழாவது சுற்றில் ஒரு இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) எல்லாவற்றையும் மாற்றியது. வெற்றி தெளிவு; ஆனால் கைகளை அகலமாக வீசும் பழக்கம் அன்றே தெரிந்தது. அடுத்த வருடம் அதற்கு விலை கொடுத்தார்.

8. மெக்கால்கிட்ட ரெண்டாவது ரவுண்டுலயே எப்படித் தோத்தார்? ரெஃப்ரி அவசரப்பட்டாரா?

1994 செப்டம்பர் 24, வெம்ப்ளி. ஆலிவர் மெக்கால் அதுவரை டைசனின் ஸ்பாரிங் கூட்டாளி (பயிற்சியில் எதிரே நின்று மோதுபவர்) என்றே அறியப்பட்டவர். அவரைத் தயார் செய்தவர் டெட்ராய்ட் க்ரான்க் ஜிம்மின் இமானுவேல் ஸ்டீவர்ட். லூயிஸ் இடது கையை நீட்டிவிட்டு வலது கையை வீசக் கிளம்பும் அதே கணத்தில் மெக்காலும் வலது கையை விட வேண்டும். இதுதான் ஸ்டீவர்ட்டின் திட்டம். லூயிஸின் கை தூரத்திலிருந்து வளைந்து வரும், மெக்காலின் கை நேராக உள்ளே போகும், எனவே முன்னால் சேரும். இரண்டாவது சுற்றின் 31-வது விநாடியில் அப்படியே நடந்தது.

லூயிஸ் பத்துக்குள் எழுந்தார். ஆனால் எழுந்தவர் நேராக நிற்க முடியாமல் ரெஃப்ரி மேலேயே சாய்ந்தார். ஒரு சாம்பியனுக்கு இன்னும் சில விநாடி கொடுத்திருக்கலாம் என்ற வாதத்துக்கு இடம் உண்டு. எனக்கு அந்த நிறுத்தம் தவறாகப் படவில்லை: சுற்றில் இன்னும் இரண்டரை நிமிடம் மிச்சம், எதிரே ஒரு களைப்பும் இல்லாத ஹெவிவெயிட்.

9. தோற்கடிச்ச ஆளோட பயிற்சியாளரையே வேலைக்கு வெச்சாராமே?

ஆமாம். பெப்பே கொரேயாவை அனுப்பிவிட்டு ஸ்டீவர்ட்டை அழைத்தார். தன் குறையைக் கண்டுபிடித்த ஆளே அதைச் சரிசெய்யட்டும் என்பது எளிய தர்க்கம். தன்மானம் இடிக்காமல் அதைச் செய்தவர்கள் குறைவு. ஸ்டீவர்ட் கடைசிச் சண்டைவரை கூடவே இருந்தார்.

ஸ்டீவர்ட் வேலையைக் காலிலிருந்து தொடங்கினார். வலது கையை வீசும்போது உடல் எடை முழுக்க முன்காலுக்குப் போய்க் கவிழ்ந்துகொண்டிருந்தது. அதை நடுவில் நிறுத்தினார். அடுத்து ஜாப், அதாவது முன்னால் இருக்கும் கையால் நேராக நீட்டும் குத்து. லூயிஸின் உயரம் 6 அடி 5 அங்குலம், கைவீச்சு 84 அங்குலம். அந்த நீளத்துக்கு ஜாப்தான் வாசல் காவல்: எதிராளி அதைத் தாண்டி வரட்டும், வந்தால் வலது கை, குனிந்து வந்தால் அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து), ஒட்டிக்கொண்டால் கழுத்தில் கை போட்டு எடையைச் சாய்த்து கிளின்ச். அழகாக இருக்காது, ஆனால் எதிராளியின் கால் அதில்தான் சோரும். இந்த மாற்றம் ஒரு நாளில் வரவில்லை. 1996-ல் ரே மெர்சரோடு பத்துச் சுற்றுச் சண்டையில் பழைய குத்துப் பரிமாற்றத்துக்கே இறங்கி, மயிரிழையில்தான் தப்பினார்.

10. ரெண்டாவது சண்டையில மெக்கால் ரிங்குலயே அழுதாரா?

அழுதார். நடுவில் நடந்ததை முதலில் பார்க்கலாம்: மெக்காலிடமிருந்து பட்டம் புரூனோவுக்கு, புரூனோவிடமிருந்து டைசனுக்குப் போனது. கட்டாயப் போட்டியாளரான லூயிஸுக்கு வழிவிடும் தொகையாக 40 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. டைசன் வேறு சண்டைக்குப் போய், டபிள்யூபிசி பட்டத்தையும் விட்டுவிட்டார். காலியான பட்டத்துக்குத்தான் 1997 பிப்ரவரி 7 அன்று லாஸ் வேகஸில் லூயிஸும் மெக்காலும் மோதினார்கள்.

மூன்றாவது சுற்றுக்குப் பின் மெக்கால் சண்டையை விட்டுவிட்டார். கைகளைத் தொங்கவிட்டு ரிங்கைச் சுற்றி நடந்தார், கார்னருக்குப் போக மறுத்தார், கண்ணீர் வடித்தார். ரெஃப்ரி மில்ஸ் லேன் ஐந்தாவது சுற்றில் நிறுத்தினார். போதைப்பழக்கத்தோடு போராடிக்கொண்டிருந்த ஒருவரின் மனமுறிவு அது. கேலிக்குரிய காட்சி இல்லை. லூயிஸ் எச்சரிக்கையாகவே ஆடினார் என்று குறை சொல்வோர் உண்டு. ஒருவர் நடிக்கிறாரா உடைந்துபோனாரா என்று எதிரே நிற்பவருக்குத் தெரியாது.

11. 1999-ல ஹோலிஃபீல்டை அடிச்சு நொறுக்கினார், அது எப்படி டிரா ஆச்சு?

முதலில் புள்ளி முறை. ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. கீழே விழுந்தால் பொதுவாக இன்னொரு புள்ளி போகும். சமம் என்றால் 10-10. மூன்று ஜட்ஜுகள் தனித்தனியாக எழுதுவார்கள். சண்டை முடிவைத் தீர்மானிப்பது மொத்தப் புள்ளி இல்லை, எத்தனை ஜட்ஜுகள் யார் பக்கம் என்பது.

1999 மார்ச் 13, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். யாரும் விழவில்லை. மூன்று தாள்கள்: 116-113 லூயிஸுக்கு, 115-113 ஹோலிஃபீல்டுக்கு, 115-115 சமம். ஒருவர் இவர் பக்கம், ஒருவர் அவர் பக்கம், ஒருவர் நடுவில், எனவே டிரா. தாளைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. யாரும் விழாமல், புள்ளி வெட்டப்படாமல் 12 சுற்று நடந்தால் இருவர் புள்ளியையும் கூட்டினால் 228 வரும். அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சமச் சுற்று. 115-113 கூட்டினால் 228: சமச் சுற்றே இல்லை, ஹோலிஃபீல்டுக்கு 7, லூயிஸுக்கு 5. 116-113 கூட்டினால் 229: ஒரு சமம், லூயிஸுக்கு 7-4. 115-115 என்றால் 230: இரண்டு சமம், ஆளுக்கு ஐந்து.

குத்து எண்ணிக்கையில் லூயிஸ் 348, ஹோலிஃபீல்ட் 130. எண்ணிக்கை மட்டுமே தீர்ப்பாகாது, பல குத்துகள் ஜாப் என்பதும் உண்மை. ஆனாலும் கயிற்றோரம் ஹோலிஃபீல்ட் வாங்கிக்கொண்டே நின்ற ஐந்தாவது சுற்றை ஒரு ஜட்ஜ் அவருக்கே எழுதியதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. அரசு விசாரணைகள்கூட நடந்தன. முடிவு மாறவில்லை, ஜட்ஜின் பார்வை தவறு என்பது முடிவை ரத்து செய்யப் போதுமான காரணமாகாது.

12. அப்போ ரெண்டாவது சண்டையில தெளிவா ஜெயிச்சாரா?

1999 நவம்பர் 13, லாஸ் வேகஸ். 115-113, 116-112, 117-111, மூவரும் லூயிஸ் பக்கம். மேலே சொன்ன கணக்குப்படி 7-5, 8-4, 9-3. வேடிக்கை என்னவென்றால், இதுதான் முதல் சண்டையைவிட நெருக்கமானது. ஹோலிஃபீல்ட் நடுச் சுற்றுகளில் பலமாக வந்தார். முதல் சண்டையைத் தெளிவாக ஆடியும் டிராதான் கிடைத்தது. இதில் சில சுற்றுகளை விட்டும் ஒருமனதான தீர்ப்பு வந்தது.

13. ஒரு சண்டையும் தோக்காம டபிள்யூபிஏ பெல்ட் எப்படிப் போச்சு?

4-ம் கேள்வியில் சொன்ன கட்டாயப் போட்டியாளர் சிக்கல்தான். டபிள்யூபிஏ பக்கம் முன்னால் நின்றவர் ஜான் ரூயிஸ். லூயிஸ் தேர்ந்தெடுத்தது மைக்கேல் கிரான்ட். உயரமானவர், தோற்காதவர், தொலைக்காட்சிக்குப் பிடித்தவர். விவகாரம் நியூயார்க் நீதிமன்றம்வரை போய், கிரான்ட்டோடு மோதினால் டபிள்யூபிஏ பட்டம் போகும் என்று ஆனது. லூயிஸ் மோதினார். 2000 ஏப்ரல் 29 அன்று கிரான்ட்டை இரண்டு சுற்றில் முடித்தார். காலியான பட்டத்தை அதே ஆண்டு ஹோலிஃபீல்ட் ரூயிஸைத் தோற்கடித்து வென்றார்.

ஐபிஎஃப் பட்டத்தையும் 2002-ல் இதே மாதிரி விட்டுவிட்டார். அங்கே கட்டாயப் போட்டியாளர் கிறிஸ் பேர்ட். பயந்து விட்டாரா என்று கேட்டால், இல்லை. பணமும் பெயரும் தராத, அடிக்கவும் சிக்காத இடதுகை ஆட்டக்காரரோடு மோத அவருக்கு மனமில்லை. அதை வீரம் என்று சொல்ல மாட்டேன், வியாபாரம்.

14. தென்னாப்பிரிக்காவில ரஹ்மான்கிட்ட தோத்ததுக்கு உயரம்தான் காரணமா?

உயரமும் ஒரு காரணம். 2001 ஏப்ரல் 22, ஜோகன்னஸ்பர்க் அருகே பிராக்பன் நகரம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1600 மீட்டர். அந்த உயரத்தில் காற்று மெல்லியது. உடல் பழகச் சில வாரங்கள் வேண்டும். ஹசீம் ரஹ்மான் முன்கூட்டியே போய்த் தங்கினார். லூயிஸ் லாஸ் வேகஸில் ஒரு ஹாலிவுட் படத்துக்காகச் சிறு காட்சியில் நடித்துவிட்டு, சண்டைக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது போய்ச் சேர்ந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக சண்டை உள்ளூர் நேரப்படி விடியற்காலையில் வேறு.

எடைதான் நிஜமான சாட்சி. ஹோலிஃபீல்டோடு இரண்டாவது சண்டையில் 242 பவுண்டு, அதாவது சுமார் 110 கிலோ. பிராக்பனில் 253½ பவுண்டு, 115 கிலோ. அதுவரை அவர் ஏறிய அதிகபட்ச எடை. சில சுற்றுகளிலேயே வாயைத் திறந்து மூச்சு விட்டார். ஐந்தாவது சுற்றில் கயிற்றோரம் கைகளைத் தாழ்த்திப் பின்வாங்கியபோது ரஹ்மானின் வலது கை நேராகத் தாடையில் விழுந்தது. 8-ம் கேள்வியில் பார்த்தது ஒரு உத்திப் பிழை. இது முழுக்க அலட்சியம்.

15. ரீமேட்ச் கட்டாயம்னு எப்படி வந்தது? ரஹ்மான் மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே?

சொல்லிப் பார்த்தார். புரொமோட்டர் டான் கிங்கோடு கைகோத்து வேறு ஆளோடு மோதப் புறப்பட்டார். ஆனால் முதல் சண்டைக்கான ஒப்பந்தத்திலேயே, லூயிஸ் தோற்றால் உடனடி மறுசண்டைக்கு உரிமை உண்டு என்று எழுதப்பட்டிருந்தது. லூயிஸ் தரப்பு நியூயார்க்கில் வழக்குப் போட்டது. லூயிஸைச் சந்திக்காமல் ரஹ்மான் வேறு யாரோடும் மோதக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு சாம்பியன் சண்டைக்கு ஒப்புக்கொள்ளும்போது கையெழுத்துக்கு முன் பேரம் பேசும் முக்கியமான வரிகளில் இதுவும் ஒன்று.

2001 நவம்பர் 17, லாஸ் வேகஸ். லூயிஸ் இந்தத் தடவை 246½ பவுண்டு. நான்காவது சுற்றில் இடது, உடனே வலது. ரஹ்மான் எழுந்து நிற்க முயன்று மறுபடி விழுந்தார். மெக்காலிடம் தோற்றபின் பட்டத்தைத் திரும்பப் பெற இரண்டரை வருடம் ஆனது. இந்த வரி இருந்ததால் இம்முறை ஏழு மாதம்.

16. ரெண்டு தோல்வியும் ஒரே குத்துல. தாடை பலவீனம்னுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. மெர்சரிடம் பத்துச் சுற்று வாங்கினார். ஷானன் பிரிக்ஸ் முதல் சுற்றில் உலுக்கினார். ஐந்தாவதில் பிரிக்ஸ்தான் விழுந்தார். பயங்கரமான இடது ஹூக் கொண்ட டேவிட் டுவாவைப் பன்னிரண்டு சுற்றும் ஜாப் தூரத்திலேயே நிறுத்தினார். விடாலி கிளிச்கோவின் சுத்தமான வலது கைகளைத் தாங்கினார். இரண்டு தோல்வியிலும் பொதுவானது, குத்து வருவதை அவர் பார்க்கவில்லை என்பதுதான். பார்க்காத வலது கையை 115 கிலோ ஆளும் தாங்க மாட்டார்.

17. டைசன் கிழவனான பிறகுதானே ஜெயிச்சார்?

வயதைக் கணக்குப் பாருங்கள். 2002 ஜூன் 8 அன்று டைசனுக்கு 35, லூயிஸுக்கு 36. லூயிஸ் பத்து மாதம் மூத்தவர். டைசன் தேய்ந்திருந்தார் என்பது உண்மை; சிறைவாசம், ஒழுங்கற்ற பயிற்சி எல்லாம் சேர்ந்து. ஆனால் அந்தச் சண்டை தள்ளிப்போனதில் லூயிஸ் பங்கு குறைவு. 1996-லேயே அவர் கட்டாயப் போட்டியாளர், வழிவிடும் தொகை கொடுத்து ஒதுக்கப்பட்டவர் (10-ம் கேள்வி).

ஜனவரியில் நியூயார்க் பத்திரிகையாளர் சந்திப்பில் கைகலப்பு, டைசன் லூயிஸின் காலைக் கடித்தார். நெவாடா உரிமம் மறுத்தது. சண்டை டென்னசியின் மெம்ஃபிஸுக்குப் போனது. அறிமுகத்தின்போது ரிங்கின் குறுக்கே மஞ்சள் சட்டைக் காவலர்கள் வரிசையாக நின்று இருவரையும் பிரித்தார்கள். முதல் சுற்று டைசனுக்கு. பிறகு ஜாப், அப்பர்கட், கிளின்ச் என்று 9-ம் கேள்வியில் சொன்ன பாடம் முழுசாக அரங்கேறியது. நான்காவது சுற்றில் எதிராளியைத் தள்ளியதற்காக லூயிஸுக்கு ஒரு புள்ளி வெட்டினார்கள். எட்டாவதில் வலது கை முடித்துவைத்ததால் அது தேவைப்படவில்லை.

18. கிளிச்கோதான் முன்னணியில இருந்தார். அப்புறம் லூயிஸ் எப்படி ஜெயிச்சதா ஆகும்?

2003 ஜூன் 21, லாஸ் ஏஞ்சல்ஸ். முதலில் குறித்த எதிராளி கிர்க் ஜான்சன். அவர் காயத்தால் விலக, விடாலி கிளிச்கோ குறுகிய அவகாசத்தில் வந்தார். லூயிஸ் 256½ பவுண்டு, வாழ்நாளிலேயே அதிகம். ஆறு சுற்று முடிவில் மூன்று தாளிலும் 58-56 கிளிச்கோவுக்கு, அதாவது 4-2. ஆனால் மூன்றாவது சுற்றில் லூயிஸின் வலது கை கிளிச்கோவின் இடது கண்ணுக்கு மேல் பெரிய பிளவு போட்டிருந்தது. ஆறாவது சுற்று முடிந்ததும் மருத்துவர் நிறுத்தினார்.

பிளவு எதனால் என்பதுதான் கேள்வி. தெரியாமல் தலை முட்டிய காயத்தால், நான்கு சுற்று தாண்டிய பிறகு நிறுத்தினால், தாளைப் பார்த்து முன்னணியில் இருப்பவருக்கு வெற்றி. சட்டப்படியான குத்தால் வந்த காயம் என்றால் தாளை யாரும் திறப்பதில்லை. காயம் ஏற்படுத்தியவருக்கு டெக்னிக்கல் நாக் அவுட். இது குத்தால் வந்தது. கிளிச்கோ தொடர விரும்பினார், கூட்டம் லூயிஸைக் கூவியது. ஆனால் முகத்தில் சுமார் 60 தையல் போட்ட காயம் அது. விதிப்படி இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. தொடர்ந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்பது தனி வாதம். ஆறாவது சுற்றில் லூயிஸின் அப்பர்கட்டுகளைப் பார்த்தவர்கள் அவரும் முடிந்துபோயிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

19. அப்போ ரீமேட்ச் கொடுக்காம ஓடிட்டாரா? போவையும் தவிர்த்தாரே?

கிளிச்கோவுக்கு மறுசண்டை கொடுக்கவில்லை, உண்மை. 2004 பிப்ரவரி 6 அன்று 38 வயதில், சாம்பியனாகவே ஓய்வை அறிவித்தார். பெல்ட்டை வைத்துக்கொண்டே ஓய்ந்ததும், பிறகு எவ்வளவு பணம் காட்டியும் திரும்பாததும் ஹெவிவெயிட்டில் அபூர்வம். ரசிகனாக அந்த மறுசண்டை வேண்டும் என்பேன். 256½ பவுண்டு ஏறிய உடம்பை வைத்துப் பார்த்தால் அவர் முடிவு சரி.

போ விஷயத்தில் பழி மாறி விழுகிறது. பெல்ட்டைத் தொட்டியில் போட்டவர் யார் என்று 6-ம் கேள்வியைப் பாருங்கள்.

20. அவரை 'சர்' லெனாக்ஸ்னு சொல்லலாமா?

கூடாது. அவருக்குக் கிடைத்த பிரிட்டிஷ் அரசு விருதுகள் எம்பிஇ, பிறகு 2002-ல் சிபிஇ. இரண்டுமே 'சர்' பட்டம் தராது.

21. எந்தச் சண்டையில இருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

ரடக் முதலில், நேரமும் குறைவு, வலது கையின் பலமும் தெரியும். அடுத்து முதல் மெக்கால், அதோடு சேர்த்து டுவா: ஸ்டீவர்ட்டுக்கு முன், பின் என்ற வித்தியாசம் கால் வைப்பில் கண்ணுக்குத் தெரியும். ரஹ்மான் இரண்டையும் ஒரே மூச்சில் பாருங்கள், வயிற்றுப் பக்கம் கவனித்து.

முதல் ஹோலிஃபீல்ட் சண்டையை வர்ணனைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வர்ணனையாளர் உற்சாகம் தீர்ப்பைச் சாய்க்கும். ஒவ்வொரு சுற்றும் முடிந்த பத்து விநாடிக்குள் தாளில் 10-9 எழுதுங்கள். முந்தைய சுற்றுகளைத் திருத்தாதீர்கள், இடையில் கூட்டாதீர்கள். ஜட்ஜுகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒவ்வொரு சுற்றின் தாளும் உடனே வாங்கப்பட்டுவிடும், கையில் மொத்தம் இருக்காது. கடைசியில் கூட்டி, 228 கணக்கில் சரிபாருங்கள். உங்களுக்கு 115-113 ஹோலிஃபீல்டுக்கு வந்தால், எந்த ஏழு சுற்று என்று எழுதி அனுப்புங்கள். இதுவரை யாரும் ஐந்தாவதைச் சேர்க்காமல் அந்த ஏழைக் காட்டவில்லை.